டேரிலின் வெள்ளைச் சட்டை

டேரில் நைக்விஸ்டை நடுவராக்கியது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்லூரியில் நான்கு வருஷம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தியவள் நான். அதன் பிறகு பதினேழு வருஷமாக இந்த மினசோட்டா ஊரில் நீச்சல் கோச். பனி கொட்டும் ஜனவரியிலும் காலை ஐந்து மணிக்குக் குளத்தின் கதவைத் திறக்கிறவள். டேரில் எங்கள் கிளப்பின் தலைவன். அவன் மகள் டெஸாவை அவனைப் போல ஃப்ரீஸ்டைல் நீந்த விடாமல் என் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாற்றிவிட்டேன் என்று என்மேல் அவனுக்குத் தீராத கடுப்பு. போட்டிக்குப் போட்டி மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக் கத்துவான். இந்த வருஷம் ஒருத்தராவது மாநிலப் போட்டிக்குத் தகுதி பெறாவிட்டால் லாரல் என்கிற என்னை வீட்டுக்கு அனுப்புவது என்று கமிட்டியில் தீர்மானமே போட்டுவிட்டான்.

ஒவ்வொரு கிளப்பும் பெற்றோரிலிருந்து நடுவர் தர வேண்டும். நடுவர் கத்தக் கூடாது, சொந்தப் பிள்ளைக்குக் கைகூடத் தட்டக் கூடாது. சந்தோஷமாக அவன் பெயரைக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றான். சனியன் விட்டது என்று இருந்தேன். தப்பைப் பார்த்தால் நடுவர் கையைத் தூக்குவார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சீசனின் கடைசிப் போட்டி. அதுவரை ஒருத்தரும் தகுதி பெறவில்லை; மிச்சமிருந்தது டெஸா மட்டும்தான். ஆள் பற்றாக்குறையில் டெஸாவின் லேனுக்கே அவன் வந்து நின்றான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கையும் சேர்ந்து சுவரைத் தொட வேண்டும். தொட்டாள். மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன். தகுதி நேரத்தைவிட அரை நொடி முன்னதாகவே முடித்தாள். நிமிர்ந்தால், டேரிலின் கை மேலே இருந்தது.

தலைமை நடுவர் வெர்னா வந்தாள். "என்ன பார்த்தீங்க?"

"கடைசித் திருப்பத்துல ஒரு கைதான் பட்டுச்சு."

"பொய்," என்றேன். "ரெண்டும் பட்டுச்சு."

"லாரல், அவர் கண்ணால பார்த்தேன்னு சொன்னா அப்பீல் கிடையாது. உனக்கே தெரியும்." வெர்னா எழுதிக்கொண்டு போய்விட்டாள். டெஸாவின் நேரம் செல்லாது. என் வேலையும் அதோடு போயிற்று.

டேரில் பக்கம் திரும்பினேன். "நீ பெத்த பொண்ணுடா அது."

"அவளுக்குப் பதினாலு வயசு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றான், காப்பி கேட்கிற குரலில். "உனக்குத்தான் அடுத்த வருஷம் இல்ல."

டெஸா எங்களுக்குப் பின்னால், துண்டுகூட எடுக்காமல் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"எப்படித் தொட்டேன்னு காட்டறேன்ப்பா," என்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவன் நெஞ்சில் வைத்தாள். அடிக்கவில்லை. அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுப் போனாள்.

வெள்ளைச் சட்டையில் இரண்டு ஈரக் கைகள் பதிந்திருந்தன. மேலே உட்கார்ந்திருந்த பெற்றோர் அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அடுத்த பந்தயம் தொடங்கவிருந்ததால் அவனால் இடத்தைவிட்டு நகரவும் முடியவில்லை. இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கட்டி அதை மறைத்துக்கொண்டான்.

குளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வெர்னா நிதானமாகச் சொன்னாள்: "டேரில், நடுவர் கையக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. கீழ போடுங்க."

அவன் கையைக் கீழே போட்டான்.