அக்காவின் கருவிழி

கண்ணில் தூசி விழுந்தாலும் சரி, மூக்குக்கண்ணாடி உடைந்தாலும் சரி, சொந்தக்காரர்கள் எல்லாரும் சின்னவளுக்குத்தான் போன் போடுவார்கள். "நான் கண் டாக்டர் இல்லை, கண்ணைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப் போனதுதான் மிச்சம். இப்போதெல்லாம் "கையால தேய்க்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாள். அதற்கு மேல் பேசத் தெம்பு கிடையாது.

அவள் வேலை கருவிழியோடுதான். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அந்த மெல்லிய படலம். அதில் செல்கள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அந்தச் செல்களுக்கு வெளியே அவையே பின்னிப் போட்ட கொலாஜன் இழைகள். இழைகள் ஒழுங்காக இருக்கும்வரை வெளிச்சம் தடங்கல் இல்லாமல் போகும். சிலருக்கு அந்தப் பின்னல் நைந்துபோய், கருவிழி கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிவிடும். ஏன் நைகிறது என்பதுதான் சின்னவளின் குழு பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. ஒரு நொதி அளவுக்கு மீறிச் சுரந்து இழைகளை அரிக்கிறது என்று கண்டுபிடித்து, கட்டுரையும் போட்டுவிட்டார்கள். அந்த நொதியை அடக்க ஒரு சொட்டு மருந்தும் தயார். முயல்களிடம் பார்த்தாகிவிட்டது. அடுத்தது மனிதர்கள்.

அவள் அக்காவுக்கும் இதே வியாதி என்பது தற்செயல்தான். யாரும் நம்புவதில்லை. அக்காவுக்காகத்தான் தங்கை இந்தப் படிப்புக்கே போனாள் என்று வீட்டில் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் சின்னவள் ஆராய்ச்சியில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் அக்கா ஒருநாள் போன் செய்து, "ஏண்டி, ஒரு ஊசி மூணு ஊசியாத் தெரியுது, எதுல நூலைக் கோக்கறது?" என்று கேட்டாள். அக்கா தையல்காரி. கெட்டி லென்ஸ் போட்டு ஓட்டினாள். அதுவும் கண்ணில் நிற்காமல் போனபோது, வலது கண்ணில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

"வெட்டி எடுக்கறதை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நீ சம்மதிச்சா எங்க லேபுக்கு வரும்."

"குப்பையில போறதுக்கு நீயே வச்சுக்கோ. எவனோ நோண்டறதுக்கு என் தங்கச்சியே நோண்டட்டும்."

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சின்னவளும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள். "உங்க லேப் ஆள் சாயங்காலம்தான் வந்து எடுப்பாரு. வழக்கம்போல வச்சிருக்கட்டுமா, நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா?"

சின்னவள் வாங்கிக்கொண்டாள். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நடப்பது மேல் என்று தோன்றியது, அவ்வளவுதான். எதிர்க் கட்டடத்தில் லேப். பாட்டிலுக்குள் நகக்கண் அளவு ஒரு வட்டத் துண்டு மிதந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ துண்டுகளை வெட்டியிருக்கிறாள். இதில் கத்தி வைக்கும் முன் மட்டும் பாட்டில் மேல் இருந்த அக்காவின் பெயரை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் வழக்கமான வேலை: அரைத்து, வடித்து, உறைய வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மாமா அதே பக்கத்தில்தான் இருந்தார்.

அடுத்த வாரம் அளந்து பார்த்தாள். நொதி ஏறவே இல்லை. நோயில்லாத கண்ணில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். திரும்ப அளந்தாள். அதேதான்.

உடன் வேலை செய்கிறவனுக்கு லேபில் புலம்பல் என்று பெயர். காபி சூடில்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று எதற்கும் புலம்புவான். அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு முழுக்க அந்த நொதியின் மேல் நின்றது. அவள் அளந்து எழுதிய காகிதத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மத்த சாம்பிள் எல்லாம் சரியா வருதே."

"அப்ப உங்க அக்கா கண்ணு தனி ரகம். விட்டுடலாம், மேடம். சொந்தக்காரங்க சாம்பிளைச் சேர்க்கலைன்னு ஒரு வரி எழுதினாப் போச்சு. பொய்கூட இல்லை."

பொய் இல்லைதான். சின்னவள் தலையாட்டினாள். அவ்வளவு அலுப்பு அவளுக்கு. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கோட்டைக் கழற்றும்போதே ஒன்று உறுத்தியது. அக்காவின் துண்டில் வித்தியாசமாக என்ன செய்தோம்? ஒன்றே ஒன்றுதான். கையோடு எடுத்து வந்தோம்.

தியேட்டருக்குப் போய் அதே நர்ஸைக் கேட்டாள். "வழக்கம்போலன்னா எங்கே வைப்பீங்க?"

"அதோ." நர்ஸ் ஜன்னல் பக்கம் கைகாட்டினாள். சாயங்கால வெயில் விழும் பலகை. "காலையில எடுத்தது உங்க ஆள் வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கும். ஏன், தப்பா? இப்படித்தான்னு சொன்னாங்க."

"நீங்க பண்ணினது தப்பில்லை. நாங்கதான் கேக்கலை" என்றாள் சின்னவள்.  ஒப்பிடுவதற்கு எடுத்த நோயில்லாத கருவிழிகள் கண் வங்கியிலிருந்து ஐஸில் வந்தவை. நோயுற்றவை வெயிலில் காத்துக் கிடந்தவை. அவர்கள் இத்தனை காலம் அளந்தது நோயையா, காத்திருப்பையா?

சர்ஜனிடம் பேசி, அடுத்து வந்த நோயாளியின் துண்டை இரண்டாக வெட்டினார்கள். ஒரு பாதியை உடனே உறைய வைத்தார்கள். மறுபாதியை ஜன்னலோரம் விட்டார்கள். ஜன்னலோரம் கிடந்த பாதியில் நொதி எகிறியிருந்தது. உடனே உறைய வைத்ததில் ஏறவில்லை. அதற்கடுத்த நோயாளியிடமும் அப்படியே. ஒரே கண், இரண்டு பதில். புலம்பல்தான் அளந்தான். அளந்துவிட்டு மெஷினை அணைத்து உறை போட்டான். அவன் ஏதாவது புலம்பினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நீங்க அன்னைக்கு அந்த பாட்டிலைத் தூக்கிட்டு வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"நானும் அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். அந்த மருந்தை ஜனங்க கண்ணுல ஊத்தியிருப்போம்."

குழுவுக்குத் தலைவரான பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஓய்வு பெற அவருக்கு அதிக நாள் இல்லை. திட்டுவார் என்று நினைத்தாள். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம்" என்றார் கடைசியில். "என் பேர்தான் முதல்ல இருக்கு, நானே சொல்லிடறேன். மருந்தையும் நிறுத்திடுங்க. அந்தப் பையன் பட்டத்துக்கு என்ன வழின்னு பாரு." புலம்பலுக்கு அப்போது முப்பது தாண்டி முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. பேராசிரியருக்கு மட்டும் இன்னும் பையன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனாள். கண்ணில் தையல் இருந்தது. பார்வை மெதுவாகத் தெளிந்துகொண்டிருந்தது. அக்கா தங்கையின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னடி இப்படிக் கிழடு தட்டிப் போயிட்டே? இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்லையே! சரி, என் கண்ணை என்ன பண்ணினே?"

சின்னவள் சொன்னாள். மருந்து போனது, கட்டுரை போனது, எல்லாம். அக்கா முதலில் முழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஆக மொத்தம் என் கண்ணு பட்டுத்தான் உங்க வேலை போச்சுன்னு சொல்லு!"

"சிரிக்காதே, தையல் பிரிஞ்சுக்கும்!" என்று உள்ளேயிருந்து மாமா கத்தினார்.

சின்னவளும் சிரிக்கப் பார்த்தாள். வந்தது அழுகை. அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "அப்ப எனக்கு ஏன்தான் நைஞ்சுது?"

"தெரியலை அக்கா."

"இத்தனை வருஷம் பார்த்துமா?"

"இத்தனை வருஷம் பார்த்தும்."

அக்கா எழுந்தாள். கட்டிலில் குவிந்திருந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள். சின்னவள் படுத்ததுதான் தெரியும்.

புலம்பலுக்குப் பட்டம் கிடைக்கத் தாமதமாயிற்று, ஆனால் கிடைத்தது. எடுத்த கருவிழி காத்திருக்கும்போது என்ன ஆகிறது என்பதையே அவன் எழுதினான். அதைப் படித்துவிட்டு வேறு சில குழுக்களும் தங்கள் பழைய கணக்குகளைத் திரும்பப் பார்த்ததாகக் கேள்வி. சின்னவள் பழைய கேள்வியையே புதிதாகத் தொடங்கினாள். ஆபரேஷன் நாளில் அவளோ அவனோ ஐஸ் பெட்டியோடு தியேட்டர் வாசலில் நின்றார்கள். பதில் இன்னும் கிடைக்கவில்லை. அக்காவின் இடது கண்ணுக்கும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.