ஐஸுக்குள் கேட்ட சத்தம்

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

"என்னடி, உன் ரேடியோவுல ஏதாவது வந்துச்சா?" என்று போனில் கேட்டாள் அம்மா. பின்னால் அவளுடைய தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

"சத்தம்தான்மா வருது" என்று சொல்லி போனை வைத்தாள் கொடுக்கு. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். வாயைத் திறந்தால் கொட்டுவாளாம். அவள் படித்த படிப்பில் சத்தம் என்றால் குப்பை, கழித்துக்கட்ட வேண்டிய இரைச்சல். அம்மாவுக்கோ, ரேடியோவில் சத்தம் வந்தால் ரேடியோ வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அம்மா வாயிலிருந்து அது சித்தப்பா காதுக்குப் போனது. சித்தப்பா அவளுடைய பேராசிரியரின் கார் டிரைவர். "சார், எங்க பாப்பாவுக்குச் சத்தம் கேட்டிருச்சாமே!" என்று அவர் பெருமையாகச் சொல்ல, பின்சீட்டில் துள்ளிய பேராசிரியரின் தலை கூரையில் நங்கென்று இடித்தது.

துள்ளாமல் என்ன செய்வார், பாவம்? துருவத்துப் பனிக்கட்டியில் ஆழ்துளை போட்டு, ஆன்டெனாக்களைச் சரமாகக் கோத்து இறக்கிவிட்டு, வருடக்கணக்கில் இங்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கூட்டம் அது. நியூட்ரினோ என்பது சுவரோ மலையோ எதையும் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகிற துகள். அண்டத்தின் ஏதோ மூலையிலிருந்து அசுர சக்தியோடு வருகிற ஒன்று, என்றைக்காவது அந்தப் பனிக்கட்டியில் முட்டிக்கொண்டால், கண்ணிமைப்பதற்குள் ஒரு ரேடியோத் துடிப்பு கிளம்பி அடங்கும். அதைக் கேட்கத்தான் இத்தனை கூத்தும். இதுவரை இவர்கள் காதில் விழுந்தது ஒன்றுமில்லை.

மறுநாள் காலை கொடுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மேசையில் பூங்கொத்து. ஓரமாக ஒரு போட்டோகிராபர். பேராசிரியர் அவளைத் தன் அறைக்குள் இழுத்துப் போனார்.

"ஏம்மா, என்கிட்டயே மறைச்சிட்டியே?"

"எதை சார்?"

"சத்தத்தை!"

"ஐயோ சார், அது வெறும் சத்தம் சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

சிக்கல் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கணினியில் பதிவான அலைக்கோட்டைத் திறந்து காட்டினாள். "பாருங்க, மேல இருக்கிற ஆன்டெனாவுக்குத்தான் முதல்ல கேட்டிருக்கு. அப்புறம்தான் அடியில. நியூட்ரினோன்னா ஐஸுக்குள்ளேருந்து கிளம்பியிருக்கணும்; தரையிலேருந்து கீழ இறங்கின துடிப்பு சார் இது. அன்னிக்கு அங்க புயல். பனித்தூள் மேல நிக்கிற கம்பத்துல உரசிப் பொறி தட்டியிருக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வம்பு. குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆய்வுக்கூட இயக்குநர் கிளம்பி வந்துட்டார். 'நியூட்ரினோவா இருக்கலாம்'னு மட்டும் சொல்லு. இருக்கலாம்கிறது பொய் இல்லையே?"

"இருக்க முடியாதே சார்."

"உன் டாக்டர் பட்ட ஆய்வேடு என் மேசையில கையெழுத்துக்குக் கிடக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

எப்படி மறக்கும்? அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தையே யாரும் முழுசாகத் தாண்டியதில்லை. அப்பா இப்போதே பட்டறையில் 'என் பொண்ணு டாக்டர்' என்று சொல்லிவைக்க, லாரிக்காரர்கள் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு அனுப்புகிறார்கள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் கிணற்றில் போட்ட கல். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனுஷன் புளுக, ஏழை வீட்டுப் பிள்ளையின் வாய்தானா வாடகைக்குக் கிடைத்தது?

அதற்குள் இயக்குநர் வந்துவிட, இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். இயக்குநர் நேரே அவளிடம் கேட்டார்: "என்னம்மா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

பேராசிரியரின் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

"காத்து சார்" என்றாள் கொடுக்கு.

பல் உள்ளே போனது. அவள் நிறுத்தவில்லை. கம்பம், பனித்தூள், பொறி, எந்த ஆன்டெனாவுக்கு முதலில் கேட்டது என்று பலகையில் படம் போட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இயக்குநர் மெதுவாகப் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"நேத்து போன்ல வேற மாதிரி சொன்னீங்களே?"

பேராசிரியர் இருமினார். கண்ணாடியைத் துடைத்தார். "அதாவது சார்... அசலையும் போலியையும் பிரிச்சுப் பார்க்கிற வழியை இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா. என் வழிகாட்டுதல்ல. நான் சொன்னது அதைத்தான். அபாரமான வேலை!"

பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும். இந்த மனுஷர் விழும்போதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.

'எது, உங்க வழிகாட்டுதலா?' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். விழுங்கிவிட்டு அவர் அறைக்குள் போய் ஆய்வேட்டைத் தூக்கி வந்து, பூங்கொத்தை நகர்த்திவிட்டு அவர் முன்னால் விரித்தாள்.

"மூணாவது அத்தியாயம் முழுக்க இந்தக் காத்துதான் சார். அபாரமான வேலைன்னு இப்பதான் சொன்னீங்க. போட்டுடுங்க."

பேராசிரியர் சட்டைப் பையைத் தடவினார். "பேனா... எங்கயோ வச்சிட்டேன் போல."

இயக்குநர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

வந்ததற்கு ஒரு படமாவது வேண்டுமே என்று போட்டோகிராபர் முன்னால் வந்து குனிந்தார். "சார், எழுதும்போது கொஞ்சம் சிரிங்க. யாரோ உங்களை அடிச்ச மாதிரி படத்துல விழுது."