புழு தின்ற கோழிகள்

கல்லூரி கேன்டீனில் மிஞ்சும் சோறும் காய்கறித் தோலும் அவள் ஷெட்டுக்கு வந்துவிடும். தட்டுகளில் கொட்டினால் கருப்பு ஈயின் புழுக்கள் மொய்த்துத் தின்னும். தின்று கொழுத்ததும் கொதிநீரில் போட்டு, உலர்த்தி, பொடித்தால் கோழித் தீவனம். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

மூன்று தெரு தள்ளி இருந்த அக்கா வீட்டில் முப்பது கோழிகள். இருபதுக்குப் புழுத் தீவனம். பத்துக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, கடைத் தீவனம். புழு தின்றவை கிடுகிடுவென்று எடை கூடின.

மூன்றாம் மாதம் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி, அதுல என்னத்தக் கலக்குற? தெனமும் பதினோரு மணியானா இருபதும் ஒண்ணா உக்காந்துடுது."

"உண்ட மயக்கமா இருக்கும்க்கா."

சிரித்தபடி சொன்னாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பதினோரு மணிக்குத்தான் அவள் புழுக்களைக் கொதிநீரில் கொட்டுவது.

மறுநாள் வேண்டுமென்றே தள்ளிப்போட்டாள். மதியம் இரண்டு இருபதுக்கு அக்காவை அழைத்து, காரணம் சொல்லாமல், கோழிகளின் பக்கத்திலேயே நிற்கச் சொன்னாள்.

"இன்னைக்கு உக்காரவே இல்லடி. மண்ணக் கிளறிக்கிட்டுத் திரியுதுங்க."

கொக்கரிப்பு போனில் தெளிவாகக் கேட்டது. அவள் தட்டைச் சாய்த்தாள். புழுக்கள் பொலபொலவென்று நீரில் விழுந்தன.

கொக்கரிப்பு சட்டென்று குறைந்தது.

"உக்காந்துடுச்சுங்கடி. தலைய மண்ணுல வச்சுக்கிட்டு." அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பத்து மட்டும் அது பாட்டுக்கு மேயுது."

பானையில் நுரை பொங்கி அடங்கியது.

"இப்ப எழுந்துடுச்சுங்க. எல்லாம் ஒரே பக்கமாப் பாத்துக்கிட்டு நிக்குது."

"எந்தப் பக்கம்?"

"உன் ஷெட் இருக்கற பக்கந்தான்."

அடுத்த தட்டு கையில் தயாராக இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

மிச்சமிருந்த புழுக்களை அவள் தொடவே இல்லை. அவை கருத்துக் கூடாகி, ஈயாகிப் பறந்தபோது ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். "நல்லாத்தானேம்மா போய்க்கிட்டிருந்துச்சு?" என்று துறைத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். எடை கூடிய கணக்கை எழுதிக் கொடுத்தாள். மற்றதை எந்த வாயால் சொல்வது?

எல்லாக் கோழிகளும் கடைத் தீவனத்துக்கு மாறின. ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனாள். கேட்டைத் திறந்ததும் இருபது கோழிகள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன.

"உள்ள வாடி, அதுங்க ஒண்ணும் செய்யாது."

"இல்லக்கா, அவசர வேலை" என்றாள். கேட்டிலேயே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி நடந்தாள்.