பென்சன் வீட்டு டிவிக்கு ஒரு ப்ளேயர்

“எந்த டிவிக்கு அண்ணாச்சி? மொதல்ல அதச் சொல்லுங்க” என்று கடைப் பையன் சதீஷ் கேட்டான். ராஜபாளையத்தின் அந்தப் பெரிய ஷோரூமில் சுவர் நிறைய டிவிகள் ஒரே கடலை ஒரே நேரத்தில் காட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அலை ஒரே மாதிரி எழும்பி ஒரே மாதிரி உடைந்தது. தவசிமுத்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதை மேசைமேல் வைக்க அவருக்கு மனமில்லை. சதீஷ் கையை நீட்டிய பிறகும் சற்றுத் தயங்கித்தான் கொடுத்தார்.

“இது டிவிடி இல்ல, ப்ளூ ரே. சாதா ப்ளேயர்ல போட்டா படிக்காது. யாரு குடுத்தா?”

“இங்கிலாந்துல இருந்து வந்திருக்கு” என்றார் தவசிமுத்து, பக்கத்தில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் கேட்கும்படியாக. “நாங்க எடுத்த படம்.”

‘நாங்க’ என்று சொன்னதில் பொய் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் சாம்பல் அணிலைப் படம் பிடிக்க இங்கிலாந்திலிருந்து நான்கு பேர் வந்து செண்பகத்தோப்புக் காட்டில் நாற்பத்து மூன்று நாள் தங்கினார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களான தவசிமுத்துவும் பென்சனும் அவர்களுக்குத் துணை. எந்த மருத மரத்தில் கூடு இருக்கிறது, எந்தக் கூடு பழசு, எதில் குட்டி இருக்கிறது என்று தரையில் கிடக்கும் கொட்டைத் தோலைப் பார்த்தே சொன்னவர் தவசிமுத்து. மேலே ஏறிக் கிளையில் கேமராவைக் கட்டியவர் பென்சன். அவர்கள் கொண்டுவந்த கயிற்றையும் இடுப்பு வாரையும் பென்சன் வந்தவர்கள் மனசு கோணாமல் இருக்கட்டும் என்றுதான் மாட்டிக்கொண்டார். பாதி தூரம் போன பிறகு கயிறு பென்சனைத் தாங்கியதா, பென்சன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போனாரா என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் வேறொரு வேலையாக வேறொரு மரத்தில் ஏறியபோது கிளை முறிந்தது. உயிர் தப்பியது, கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டின் முன்னறைக் கட்டில்தான் பென்சனுக்கு உலகம்.

போன வாரம் டிஸ்க் வந்தது. மேலுறையில் தவசிமுத்து, பென்சன் என்று இருவர் பெயரும் சேர்த்து எழுதியிருந்தது. கூட வந்த கடிதத்தை ரேஞ்சர் வாசித்துச் சொன்னார். இந்தப் படம் உங்கள் இருவரால்தான் சாத்தியமானது, இதைப் போனில் பார்க்காதீர்கள், நல்ல திரையில் பாருங்கள் என்று எழுதியிருந்தார்களாம். போனில் பார்க்கவும் வழியில்லை. அந்தப் படம் இணையத்தில் இந்தியாவுக்குத் திறக்காது என்று ரேஞ்சரே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்.

“பழைய டிவியா இருந்தா இதெல்லாம் ஒத்து வராது அண்ணாச்சி. புது டிவி ஒண்ணு எடுத்துருங்க, ப்ளேயர நான் வரவச்சுத் தாரேன்” என்றான் சதீஷ்.

தவசிமுத்து வீட்டில் மகன் வாங்கிய தட்டை டிவி இருக்கிறது. பிரச்சனை அதில்லை. பென்சன் வீட்டை விட்டு வரமாட்டார். நாலு பேர் தூக்கி ஆட்டோவில் வைக்க, தெருவே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கு அவர் சம்மதிக்கவே மாட்டார். புது டிவி வாங்கிக்கொண்டு போய் இறக்கினாலோ, இரக்கப்பட்டுக் கொடுத்ததாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழம் வாங்கி வந்தவர்களிடமே, ‘எனக்கு என்ன, சீக்கா?’ என்று கேட்டவர் அவர். டிஸ்க் இருவருக்கும் பொது. ப்ளேயர் தவசிமுத்து கொண்டுவந்ததாக இருக்கட்டும். டிவி பென்சன் வீட்டு டிவியாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் இருவரும் சரிசமமாக உட்கார்ந்து பார்க்க முடியும்.

“டிவிய மாத்த முடியாது தம்பி. அந்த டிவிக்குச் சேருத மாதிரி ப்ளேயர் வேணும்.”

சதீஷ் ஒரு துண்டுக் காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்தான். “ஸ்ரீவில்லிபுத்தூர்ல வெங்கடேஸ்வரி அக்கா கடைக்குப் போங்க. பழைய சாமான் வாங்கி விக்கிறவிய. எங்க கடையில புரியாதத அவியகிட்டதான் கேப்போம்.”

வெங்கடேஸ்வரியின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒற்றை அறை. மூன்று பக்கமும் கூரை வரை ஆம்ப்ளிபயர், ரேடியோ, டிவி. நடுவில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஐம்பது வயதுப் பெண்மணி ஒரு ரிமோட்டைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தவசிமுத்து சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டார். டிஸ்க் பெட்டியை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை இறக்கி, மூலையில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். அதற்குள் ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தது.

“பி போட்டிருக்கு, பாத்தியளா? இந்த டிஸ்க்குக்காக உலகத்தையே மூணாப் பிரிச்சு ஏ, பி, சின்னு பேரு வச்சிருக்காங்க. நம்ம ஊரு சி. அவிய ஊரு பி. இங்க வாங்குன ப்ளேயர்ல போட்டா, இது என் ஊரு டிஸ்க் இல்லைன்னு வெளிய தள்ளிரும். சரி, அத நான் பாத்துக்கிடுதேன். டிவிக்குப் பின்னால என்ன ஓட்ட இருக்கு?”

“ஓட்டயா?”

“வயரு சொருகுற ஓட்ட. தட்டையா ஒண்ணு இருக்கா, இல்ல மஞ்ச, வெள்ள, செவப்புன்னு வட்டமா மூணு இருக்கா? பாத்துட்டு வாங்க. பாக்காம வாங்குனா ரெண்டு தடவ அலையணும்.”

தவசிமுத்து அங்கிருந்து நேரே மடவார் வளாகத்துக்குப் போனார். பென்சனிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஆசை காட்டிவிட்டு இல்லை என்று சொல்ல அவரால் ஆகாது. முன்னறையில் பென்சன் தலையணையில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய குண்டு டிவி, சுவரோடு ஒட்டி ஒரு மேசையில் இருந்தது. தவசிமுத்து பத்து நிமிடம் வெயிலைப் பற்றியும் பிளவக்கல் அணையில் தண்ணீர் குறைந்ததைப் பற்றியும் பேசினார். பிறகு எழுந்து, டிவிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்தார்.

“ஏலே, அங்க என்னத்தத் தேடுத?”

“பல்லி ஒண்ணு போச்சு.”

“சாரப்பாம்பக் கையில புடிச்சவன் பல்லியத் தேடுதானாம்! ஏட்டி கிருபா, இங்க வந்து இவனப் பாரேன்.”

பென்சனின் மனைவி கிருபாபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணே, அங்க ஒட்டட அடிக்கலண்ணே, தலைய வெளிய எடுங்க” என்றாள் வெட்கப்பட்டு. தவசிமுத்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு. வட்டமாக மூன்று. தட்டையாக ஒன்றும் இல்லை. நூலாம்படையோடு தலையை வெளியே எடுத்தவருக்கு, இலை மறைவில் புதுக் கூட்டைக் கண்டுபிடித்த அன்று வருமே, அப்படி ஒரு நிறைவு வந்தது.

மறுநாள் வெங்கடேஸ்வரி மேசைமேல் இரண்டு ப்ளேயர்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்று மெலிசாக, கறுத்து மினுங்கியது. இன்னொன்று கனமாக, ஓரம் தேய்ந்து, மூடியில் கீறலோடு இருந்தது. தவசிமுத்துவின் கை தானாக மினுங்குவதன் பக்கம் போனது. பென்சன் வீட்டுக்குள் கொண்டுபோக அதுதான் லட்சணமாக இருக்கும் என்று தோன்றியது.

“அது வேண்டாம் அண்ணாச்சி. பின்னால பாருங்க, தட்ட ஓட்ட ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கு வேண்டிய மூணு ஓட்ட இல்ல. அதுக்கு நடுவுல ஒரு டப்பா வாங்கிப் போட்டாலும், எழுத்து சி. டிஸ்க்க எடுக்காது.” அவர் கனமானதைத் திருப்பிக் காட்டினார். மூன்று நிறமும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு சின்ன உருண்டைக்குள் பி. “மஸ்கட்ல வேல பாத்தவரு கொண்டாந்து வித்தது. அரபு நாடும் பிதான். இப்ப வாரதுல இந்த மூணு ஓட்டயே வைக்கிறதில்ல. பாக்க அழகு இல்ல, ஆனா உங்க டிவிக்கும் சேரும், உங்க டிஸ்க்குக்கும் சேரும்.”

கடையிலிருந்த ஒரு பழைய டிவியில் அதை இணைத்து டிஸ்க்கைப் போட்டார். ப்ளேயர் உள்ளுக்குள் நெடுநேரம் முனகியது. திரை கறுப்பாகவே இருந்தது. வெங்கடேஸ்வரியின் விரல் மேசைமேல் தாளம் போடுவதை நிறுத்தியது. பிறகு நீல எழுத்து வந்தது.

“அம்மய்யா, படிச்சிருச்சு!” என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து.

திரையில் மலை எழும்பியது. மேகம் இறங்கி நிற்கும் அந்த முகட்டைத் தவசிமுத்து இருபது வருடமாகத் தினமும் பார்க்கிறார். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. கேமரா மெல்ல மரங்களுக்குள் இறங்கத் தொடங்கியது. அவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

“போதும்மா. நிப்பாட்டிருங்க.”

“ஏன் அண்ணாச்சி? செத்த நேரம் பாத்துட்டுப் போங்களேன். எனக்கும் பாக்கணும்னு இருக்கு.”

“இல்லம்மா. அவன் இல்லாம நான் மட்டும் பாக்கக் கூடாது.”

வெங்கடேஸ்வரி டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் வைத்தார். ப்ளேயரின் கீறல் விழுந்த மூடியைத் தன் முந்தானையால் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். “படம் கறுப்பு வெள்ளையா வந்தா பயந்துராதிய. டிவியில கலர் சிஸ்டம்னு இருக்கும், மாத்துங்க. வரலைன்னா எனக்குப் போன் அடிங்க, நானே வாரேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய் கோவிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன் தவசிமுத்து போனார். டிஸ்க் பெட்டியைப் பென்சனின் மடியில் வைத்தார். மேலே இருந்த தன் பெயரைப் பென்சன் விரலால் தடவிப் பார்த்தார். தவசிமுத்து மஞ்சளில் மஞ்சளும் வெள்ளையில் வெள்ளையும் சிவப்பில் சிவப்புமாகச் சொருகிவிட்டு நிமிர்ந்தார்.

“அன்னைக்குப் பல்லி இதுதானா?” என்றார் பென்சன்.

படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. தவசிமுத்து டிவிக்கு அடியிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றாவது தடவை காடு பச்சையாகியது. கிருபாபாய் ‘ஸ்தோத்திரம்’ என்று முணுமுணுத்துக்கொண்டு, கோவிலுக்குக் கட்டிப்போன சேலையோடே தரையில் உட்கார்ந்தாள். படத்தில் பேசிய இங்கிலீஷ் மூவருக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டியதும் இல்லை. பென்சனே முழுக்கதையும் சொன்னார். இது ஓடையோரத்து மரம். இது ஒற்றைக்காது பெட்டை அணில். இந்தக் கிளை மழைக்குப் பிறகு வழுக்கும். தாய் அணில் குட்டியை வாயில் கவ்வி, வால் காற்றில் விரிய, ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குத் தாவியபோது அவர் கட்டிலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “நான் கட்டுன கேமரா மாப்ள! அவிய அடுத்த கிளையில கட்டச் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். அங்க இருந்தா இந்தத் தாவல் படத்துல விழுந்திருக்குமா?”

படம் முடிந்தது. தவசிமுத்து எழப்போனார். ஆனால் டிஸ்க் நிற்கவில்லை. படம் எடுத்த கதை என்று இன்னொன்று தானாக ஓடத் தொடங்கியது. கூடாரம், டீ கொதிக்கும் பாத்திரம், மழையில் நனைந்த வெள்ளைக்காரர்கள். அடுத்து ஒரு மருத மரம் அடியிலிருந்து முடி வரை தெரிந்தது. அதில் பென்சன் ஏறிக்கொண்டிருந்தார்.

திரையில் அந்தக் கால்கள் பட்டையைக் கவ்வின, உந்தின, மடங்கின, மறுபடி உந்தின. கெண்டைச் சதை முறுக்கி முறுக்கித் தளர்ந்தது. இது இருப்பது தெரிந்திருந்தால் கொண்டுவந்திருக்கவே மாட்டோமே என்று தவசிமுத்து நினைத்தார். ரிமோட்டைத் தேடிக் கை நீண்டது.

“நிப்பாட்டாத” என்றார் பென்சன். “அவ பாக்கட்டும்.”

கிருபாபாய் வாயில் கை வைத்திருந்தாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் மரம் ஏறுவதற்காக அவள் சண்டை போட்டிருக்கிறாள், உபவாசம் இருந்திருக்கிறாள். அவர் ஏறி ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது திரையில் அவர் உச்சிக்குப் போய், இரு கையையும் விட்டுவிட்டு, தொடையால் மட்டும் கிளையைப் பிடித்தபடி கேமராவைக் கட்டினார். கேமராக் கண்ணாடியில் மூச்சு ஊதித் தலைத்துண்டால் துடைத்தார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. வியர்வையோடு, யாரையோ பார்த்துச் சிரித்தது. அடியில் எழுத்து வந்தது. கிருபாபாய் எழுத்துக் கூட்டி வாசித்தாள். “பென்சன்... லீடு... கிளைம்பர். அப்படின்னா என்னண்ணே?”

“எல்லாருக்கும் முந்தி ஏறுறவன்னு அர்த்தம் தங்கச்சி. காட்டுல அவிய இவன அப்படித்தான் கூப்பிட்டாங்க.”

“அது நெசந்தான” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்படி ஏறுவாகன்னு எனக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லலையே.” அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கம் திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்கு இருக்கும் முகம் அது. பட்டென்று எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “செலினா அக்கா! எல்லாரும் வாங்க, எங்க வீட்டு ஆளு டிவியில வாராக!”

தெருவில் நாற்காலி இழுபடும் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. தவசிமுத்து டிஸ்க்கை முதலிலிருந்து போடக் குனிந்தார். “இருலே, அவுக வரட்டும். அந்த முகத்துல நிப்பாட்டி வையி” என்றார் பென்சன். தவசிமுத்து படத்தைப் பின்னால் ஓட்டி அங்கே நிறுத்தினார். பென்சன் மனைவியைப் பார்த்து, “அந்த வெள்ளச் சட்டைய எடு” என்றார்.

கிருபாபாய் பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையை எடுத்து வந்தாள். அவருடைய கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்துவிட்டு, முன்னால் குனிந்து, கீழிருந்து பொத்தான் போடத் தொடங்கினாள். வாசலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. பென்சன் தாடையை உயர்த்திக் கொடுத்தார். அவள் தோளுக்கு மேலாக, இலைகளுக்கு நடுவில் வியர்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தார்.