உப்பில்லாத தண்ணீர்

அறுவடையை மூன்று வாரம் தள்ளிப் போடலாம் என்று சொன்னது புஷ்பலதாதான்.

முட்டுக்காட்டில் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்பங்கழியில் மூங்கில் நட்டு, குறுக்கே கட்டை கட்டி, அதிலிருந்து கயிறு கயிறாகத் தொங்கவிட்டு, அவளும் இன்னும் நான்கு பெண்களும் ஆளி வளர்த்தார்கள். மீனவர் குப்பத்தில் சிப்பிக்கு ஆளி என்றுதான் பெயர். பாறையில் ஒட்டிக் கிடப்பதைக் கொத்தி எடுத்துக் குழம்பு வைப்பார்கள். அதையே பெரிய ஹோட்டல்களில் ஐஸ் மேல் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகச் சாப்பிடுகிறார்கள், ஆய்ஸ்டர் என்கிறார்கள் என்று போனில் படம் காட்டியவர் அக்தர். கேளம்பாக்கத்தில் கடை வைத்து ஹோட்டல்களுக்கு இறாலும் நண்டும் அனுப்புகிறவர்.

அந்த நால்வரில் ஒருத்தியான ரேணுகாம்பாளை இதில் இழுத்துவிட்டதும் புஷ்பலதாதான். ஒரு ஐ.டி. கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் அவள். "எத்தினி நாளைக்கு அவங்க கக்கூஸ கழுவிகினு இருப்ப? நம்ம தண்ணி, நம்ம பொருள். வாக்கா" என்று ஒரு மாதம் விடாமல் பேசி வேலையை விட வைத்தாள். சித்திரையில் கயிறு கட்டினார்கள். அதற்கப்புறம் வாரம் மூன்று நாள் மார்பளவுத் தண்ணீரில் நின்று பாசி தேய்த்தார்கள், ஆளியைத் தின்ன வரும் நண்டைப் பொறுக்கி எறிந்தார்கள். ஆளி ஓடு கிழித்து ஐந்து பேருக்கும் பாதம் ரணமாகவே இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் அக்தர் வந்து பார்த்தார். "சூப்பரா வந்திருக்குக்கா. ஆனா கொஞ்சம் சின்னது. இன்னும் மூணு வாரம் விட்டீங்கன்னா சைஸ் கெடைக்கும். உங்க இஷ்டம்தான்" என்றார்.

ரேணுகாம்பாளுக்கு மனசு ஒப்பவில்லை. "மழ வர்ற நேரம் புஷ்பா. இருக்கறத எடுத்துடலாம்."

"மழ வந்தா இன்னாக்கா? தண்ணில கெடக்கற பொருளு தண்ணிக்கா செத்துப்பூடும்?" என்று புஷ்பலதா சிரித்தாள். மற்ற மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மூன்று வாரம் முடிவதற்குள் புயல் வந்தது. இரண்டு நாள் ஓயாமல் கொட்டியதில் தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பின. பள்ளிக்கரணைச் சதுப்பு ததும்பி, தெருவெல்லாம் படகு விட்டார்கள். அந்த வெள்ளம் முழுக்கக் கால்வாய் வழியாகத் தெற்கே இறங்கி, கடலுக்குப் போகிற வழியில் கழியில் வந்து நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பதினான்கு நாள். தண்ணீர் டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. இறங்கவே முடியவில்லை. புஷ்பலதா தினமும் கரையில் நின்று மூங்கில் நுனிகளை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போவாள். ஒன்றும் சாயவில்லை என்று புருஷன் எத்திராஜிடம் சொல்லுவாள். மழைத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்தாலும் ஆளி வாயை இறுக்கி மூடிக்கொண்டு கொஞ்ச நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் என்று தெரியாது.

பதினைந்தாம் நாள் ஐந்து பேரும் இறங்கினார்கள். புஷ்பலதா ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். உப்பே இல்லை. முதல் கயிற்றைத் தூக்கியதுமே நாற்றம் முகத்தில் அடித்தது. சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. உயிர் இருந்தால் தட்டியதும் மூடிக்கொள்ளும். அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். அடுத்த கயிறு. அதற்கடுத்தது. ஒன்றுகூட மூடவில்லை. ரேணுகாம்பாள் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வுட்றீ" என்றாள்.

கரையில் வைத்திருந்த போன் அடித்தது. அக்தர். அவர் வீடு பள்ளிக்கரணையில், தரைத்தளம்.

"இப்பதான்க்கா தண்ணி ஃபுல்லா வடிஞ்சுது. ஒரு வழியா வீட்டுக்குள்ள வந்துட்டோம். பசங்க எல்லாம் சேஃப். நம்ம ஆய்ஸ்டர எப்ப எடுக்கலாம்?"

அந்த வீட்டிலிருந்து வடிந்த தண்ணீர் புஷ்பலதாவின் புடவையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "எல்லாம் பூட்ச்சுங்க" என்றாள். அவர் என்னென்னவோ கேட்டார். அவள் போனை ரேணுகாம்பாளிடம் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

வெள்ள நிவாரண மனு தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் நின்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார்.

"என்னம்மா தொழில்?"

"சிப்பி வளக்கறோம் சார்."

"சிப்பிக் காளானா? வீட்லயே ஷெட் போட்டிருக்கீங்களா?"

"காளான் இல்ல சார். கழில கீதே, ஓட்டுச் சிப்பி. அது."

அவர் திரையில் மேலும் கீழும் தேடினார். படகு இருந்தது, வலை இருந்தது, ஆடு, மாடு, கோழி, நெல் எல்லாம் இருந்தன. சிப்பி இல்லை. செத்ததுக்குப் படம் இருக்கிறதா என்று கேட்டார். நாற்றம் தாங்காமல் மறுநாளே குழி தோண்டிப் புதைத்துவிட்டோம் என்றாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"காளான்னு போட்டா தோட்டக்கலைத் துறைக்காவது போகும்மா. இல்லேன்னா இந்த மனுவ எங்கயும் அனுப்ப முடியாது."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. புஷ்பலதா கையெழுத்துப் போட்டாள்.

தை மாதக் கடைசியில் பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்ததில் இந்த முகவரியில் காளான் குடில் எதுவும் காணப்படவில்லை, ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. எத்திராஜ் அதை இரண்டு தரம் படித்துக் காட்டிவிட்டு, கழிக்குப் போய் மூங்கில்களைப் பிடுங்க ஆரம்பித்தான். மற்றவர்களின் வலை அதில் மாட்டிக் கிழிகிறது என்று ஏற்கெனவே பேச்சு வந்திருந்தது.

ஐ.டி. கம்பெனியில் ரேணுகாம்பாள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. அவளுக்குக் கிடைத்தது மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். புஷ்பலதா அவள் பஸ் ஏறுகிற வேளையில் அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்தாள். மாசியில் ஒரு விடிகாலை பால் வாங்கப் போனபோது நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். ரேணுகாம்பாளின் விரல் இடுக்குகள் சோப்புத் தண்ணீரில் வெந்து வெளுத்திருந்தன.

"என்னிய வைதுடுக்கா" என்றாள் புஷ்பலதா. "நாலு வார்த்த வைதுட்டுப் போ."

"வைதா இன்னா ஆவப் போவுது?" ரேணுகாம்பாள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "எனக்குக் கோவம் இல்லடி. அதுக்குக்கூடத் தெம்பு இல்ல."

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ரேணுகாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டை ஒட்டி நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. புஷ்பலதா பால் வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.