பிரைமர் நிற்காத சுவர்

கண்டக்டர் வீட்டு வெளிச்சுவருக்கு, அவர் மனைவி இறந்த மழைக்காலத்தில் புல்லரித்தது. அதன் பிறகு அடங்கவேயில்லை. அதுவரை வழவழவென்றிருந்த சுவர் அரிசி அரிசியாகப் பொடித்து நின்றது. மனுஷன் செலவு பண்ணி டெக்ஸ்சர் பூச்சு அடித்திருக்கிறார் என்றே தெருவில் நினைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கொத்தனாரின் போன் நம்பர்கூடக் கேட்டார். இல்லாத கொத்தனாரின் நம்பருக்கு எங்கே போவது? கண்டக்டர் சிரித்து மழுப்பிவிட்டார்.

வேலைக்காலம் முழுக்க பஸ் நெரிசலில் நின்றவர் அவர். யாருடைய தோளாவது முழங்கையாவது இடிக்காமல் ஒரு நாள் கழிந்ததில்லை. ஓய்வு பெற்றார், மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள், மனைவியும் போய்ச் சேர்ந்தாள். பிறகு வருடக்கணக்கில் அவர்மேல் ஒரு கை படவில்லை. கடைக்காரர்கூடச் சில்லறையை மேஜைமேல்தான் வைப்பார். இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது என்று அவர் சொல்லவில்லை.

மேடுகளின் இடுக்கில் தூசி அடைந்து, பாசி படர்ந்து, பழைய பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கியதும், மகள் போனில் சத்தம் போட்டு ஒரு பெயிண்டரம்மாவை ஏற்பாடு செய்தாள். அவள் வந்து ஏணியைச் சாத்தி, கம்பி பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தாள். சுவர் வெடுக்கென்று உள்வாங்கியது. அவள் இறங்கி, கம்பி பிரஷ்ஷைப் பையில் போட்டுவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டாள். கழுவி, பாசிக்கு மருந்தடித்து, உரிந்ததைச் சுரண்டி, விரிசலுக்குப் பட்டி வைத்துக் காயவிட்டது வரை தொந்தரவில்லை. பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பிரைமரில்தான் வம்பு. உருளை பட்டதும் சுவர் சிலிர்த்து, குளித்த நாய் மாதிரி அத்தனையையும் உதறியது. அவள் தலையெல்லாம் வெள்ளை.

"இது உதறிட்டே இருந்தா பிரைமர் எப்படி சார் நிக்கும்?"

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"கொஞ்சம் புடிச்சுக்குங்க. குழந்தைக்கு ஊசி போடறப்ப புடிச்சுக்குவோம்ல, அந்த மாதிரி."

சொந்தச் சுவரைத் தொட அவருக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். கைக்கடியில் பொடிப்பு ஒவ்வொன்றாகப் படுத்தது. உள்ளேயிருந்து கதகதப்பு ஏறி வந்தது. அவர் கைகளைச் சுற்றி அவள் பிரைமர் அடித்தாள், தள்ளி வைக்கச் சொன்னாள், அந்த இடத்தில் அடித்தாள். இப்படியே நாலு பக்கமும்.

"மெதுவாவே அடிங்கம்மா, அவசரமில்ல" என்றார்.

"அடுத்த வீட்டுக்காரங்க காத்துட்டிருக்காங்க சார்" என்றாள். ஆனாலும் மெதுவாகத்தான் அடித்தாள்.

பெயிண்டும் அடித்து முடித்து அவள் போன பிறகு, அவர் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "அந்த டெக்ஸ்சரை எடுத்துட்டீங்களாப்பா?"

"தானா அடங்கிடுச்சும்மா."

அடுத்த மாதமே பின்பக்கம், ஆள் நடமாட்டமில்லாத காலிமனையைப் பார்த்த மூலையில், மறுபடி லேசாகப் பொடித்தது. கண்டக்டர் யாரையும் கூப்பிடவில்லை. தினமும் சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய், அந்த மூலையில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் பார்சல் கொண்டுவருகிறவன் மணியை அடிப்பதில்லை. எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, "சார் சுவரோட இருக்காரு, அப்புறமா குடுத்துடுங்க" என்று சொல்லிப் போவான். எதிர்வீட்டுக்காரரும் சரியென்று வாங்கி வைத்துக்கொள்வார்.