வாசலை அடைத்த வாக்கு

அந்த வீட்டில் மாமனார் சொன்னதெல்லாம் கல்லாகிக் கிடந்தது. சொன்ன மாத்திரத்தில் ஆகிவிடாது. கேட்டவர் யாராவது ‘வேதவாக்கு’ என்று சொல்ல வேண்டும். உடனே அந்த வாக்கியம் எழுத்துப் பொறித்த பலகைக்கல்லாகப் பொத்தென்று விழும். வேதத்தை அங்கே ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை மட்டும் உப்பைப் போல எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டார்கள். ‘ஃபேனை மூணுல வை’ கட்டிலடியில் கிடந்தது. ‘ஈரத்தலைதான் எல்லா வியாதிக்கும் காரணம்’ குளியலறையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. கடப்பாரைக்கும் அசையாத அந்தக் கற்களை மகன் தினமும் ஈரத்துணியால் துடைத்தான். தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதருக்குள் இவ்வளவு ஞானமா என்று அவன் உருகும்போதெல்லாம், மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பட்டறைப் பொறுப்பை ஏற்கத் திங்கள் காலை வராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஞாயிறு சாயங்காலம் மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

“பொம்பளைக்குக் கீழ ஆம்பளைங்க வேலை செய்யறதா? இனிமே மருமக வாசலைத் தாண்டக் கூடாது.”

“நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க,” என்று அவள் கணவனிடம் கெஞ்சினாள்.

“அப்பா சொன்னா எனக்கு வேதவாக்கு.”

கல் வாசலில் விழுந்து நிலையின் உச்சிவரை அடைத்து நின்றது.

காலையில் முதலில் தவித்தவர் மாமனார்தான். சீட்டுக் கச்சேரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“நான் எப்படிடா வெளியே போறது?”

“நீங்க சொன்னதுதானேப்பா.”

“அவளைத்தானடா சொன்னேன், மடையா.”

கல் ஆள் பார்த்து வழிவிடவில்லை. மருமகள் சாப்பாட்டு டப்பாவை முன்னால் இறக்கிவிட்டு, கம்பியில்லாத அடுப்படி ஜன்னல் வழியே குதித்தாள். “வாசலைத் தாண்டலை மாமா, பாத்துக்குங்க,” என்று உள்ளே எட்டிச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பின்னாலேயே கணவனும் இறங்கினான். மாமனார் தொப்பை வரைக்கும் வந்து சிக்கிக்கொண்டார். அக்கம்பக்கத்தார் கூடி அவரை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

ஒரே வருடத்தில் ஜன்னலடியில் படி கட்டி, மிதியடி போட்டு, அழைப்புமணியையும் அங்கேயே மாற்றியாகிவிட்டது. தபால்காரர் உட்பட யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் அகலமாக்கித் தரட்டுமா என்று படி கட்ட வந்த கொத்தனார் கேட்டபோது, கூடத்தில் மாமனார் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அளவே போதும் என்றாள் பட்டறைப் பொறுப்பாளர்.